என் பிக்கப்பும் நாலு அகல டயரும்

புது டயரின் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்ரோல் வாசனைக்கு மயங்குகிறவர்கள் உண்டு, நான் டயர் கட்சி. சிவாஜிநகரில் ஒரு டயர் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, பக்கத்துக் கடையின் கபாப் புகையையும் தாண்டி அந்த ரப்பர் நெடி மூக்கில் ஏறியது...

அப்போது விவேக் நகரில் எங்களுக்கு ஒரு வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எதுவானாலும் சேர், டேபிள், அண்டா எங்களிடமிருந்துதான் போகும். என் வீட்டுக்காரர் அருளுக்கு கார்மென்ட்ஸில் வேலை. கடை முழுக்க என் பொறுப்பு.

வாடகை வண்டிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. அண்டா வராமல் பந்தி தாமதமாகி, கல்யாண வீட்டார் என்னைத்தான் திட்டுவார்கள். பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். லைசென்ஸ் எடுத்து நானே ஓட்ட ஆரம்பித்தேன்.

பழைய வண்டி கைக்கு வந்ததும் எதையாவது மாட்டிப் பார்க்கச் சொல்லி மனசு அரிக்கும். எனக்கும் அரித்தது. கலர் லைட், புது ஹாரன், பளபளக்கும் வீல்... டயர் கடை பாய்தான் தடுத்தார்.

“ஷோவுக்கு வேணுமாம்மா, லோடுக்கு வேணுமா?”

“லோடுக்குத்தான் பாய். இரும்பு சேர் ஏத்தணும்.”

“அப்ப கம்பெனி குடுத்த சைஸையே போடு. அகலமா போட்டா பாக்க ஜோரா இருக்கும், லோடு ஏத்துனா பாடியில உரசும். சைடு கெட்டியான டயரா எடுத்துக்கோ. மொதல்ல டயரு, பிரேக்கு. அலங்காரம் அப்புறம்.”

அப்படியே செய்தேன். பாரத்துக்கு வண்டி தாழாமல் இருக்க, பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன். பின்னால் தொட்டியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டதில் அண்டாக்கள் நசுங்குவது நின்றது. சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க ஒரு சின்ன கேமரா. நான் குள்ளம். சீட்டை உயர்த்தி, கிளட்ச் என் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அந்த சீட்டில் உட்கார்ந்தால்... எப்படிச் சொல்ல? உலகத்தில் ஒரு இடமாவது என் அளவுக்குத் தைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் அடுக்கியிருந்த சேர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீவே ஓடிஸ்தீரா?” நீங்களேவா ஓட்டுறீங்க என்று கேட்டார்.

“நானே சார்,” என்றேன் கன்னடத்தில். சிரித்துவிட்டு, போ என்று கையசைத்தார். வீடு வரைக்கும் அந்தச் சிரிப்பை நானும் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அருளின் அண்ணன் ராபர்ட்டுக்கு வேலை போனது. ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தேன், வண்டி இல்லை.

“அண்ணன் கொஞ்ச நாள் ஓட்டட்டும் ஜெசி,” என்றார் இவர். “நீயும் எவ்ளோதான் கஷ்டப்படுவ? தெருவுல நாலு பேரு கேக்குறாங்க, பொண்டாட்டிய லோடு வண்டி ஓட்ட விட்டுட்டு என்னய்யா பண்றேன்னு.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வீட்டு வண்டிதானே...”

சாவி போய்விட்டது. வண்டி இவர் பேரில்தான் இருந்தது.

அடுத்த முறை என் பிக்கப்பை சர்ச் பக்கத்தில் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை. அகல அகலமான டயர், வெள்ளி நிறத்தில் வீல், முகப்பில் நீல லைட். ராபர்ட் மாமா சீட்டைத் தரையோடு இறக்கியிருந்தார். நான் சேர்த்த ஸ்பிரிங் பட்டையையும் கழற்றியாகிவிட்டதாம், “தூக்கித் தூக்கிப் போடுது”ன்னு.

“லோடு ஏத்துனா டயர் உரசும் மாமா,” என்றேன்.

“நான் பொறந்ததுல இருந்து வண்டி ஓட்டுறேன்மா. நீ கடையப் பாரு.”

பக்கத்தில் நின்ற இவர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய கல்யாணத்துக்கு வண்டி நிறைய இரும்பு சேர் ஏற்றிப் போனபோது, ஒக்கலிபுரம் பக்கம் பின் டயர் வெடித்தது. வழி நெடுக பாடியில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. வண்டி டிவைடரில் ஏறிச் சாய்ந்தது. நல்லவேளை, ராபர்ட் மாமாவுக்குக் கையில் எலும்பு முறிவோடு போனது, வேறு யாருக்கும் அடி இல்லை. சேர்கள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. வண்டியை இரும்பு விலைக்குத்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லாரும் அவருக்காக ஜெபம் பண்ணினார்கள். நானும் பண்ணினேன். நான் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை... நானும்தான். கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற மனுஷனிடம் என்ன பேச?

வண்டி இல்லாமல் கடை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போது ஒரு டெலிவரி கம்பெனியில் எலக்ட்ரிக் வேன் ஓட்டுகிறேன். சத்தமே போடாத, நல்ல வண்டி. ஆனால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட அனுமதி இல்லை. டயர் தேய்ந்தால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், என்ன டயர் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்கிறார்கள். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டும். இவர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார், “எங்க வீட்ல ஜெசிதான் வேன் ஓட்டுறா.” அன்றைக்குத் தெருவில் நாலு பேர் கேட்டபோது இந்தப் பெருமை எங்கே போயிருந்ததோ...

போன ஞாயிற்றுக்கிழமை ராபர்ட் மாமா சாப்பிட வந்திருந்தார். பேச்சு எப்படியோ பிக்கப் பக்கம் திரும்பியது.

“அது ராசி இல்லாத வண்டிம்மா,” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“வண்டி நல்ல வண்டி மாமா. டயரத்தான் தப்பா போட்டீங்க.”

அவர் கை நின்றது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பழசெல்லாம் இப்ப எதுக்கு ஜெசி?”

பழசுதான். எனக்கென்று ஒரு வண்டி இருந்தது அந்தப் பழசில் மட்டும்தான்.