துணையில்லாமல் ஈன்ற கப்பி

ஆந்திரம் தனி ராஜ்யமானபோது என் கணவரைச் சென்னைப் பக்கம் ஒதுக்கினார்கள். அவர் வருவாய்த் துறையில் குமாஸ்தா. நான் திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. விட்டுவிடட்டுமா என்று நானும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், மறுநாள் போய்விடுவார்.

அப்படி வந்த ஒரு நாள் ஈரத்துணி சுற்றிய கண்ணாடிப் புட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே மூன்று சின்ன மீன்கள். வாலில் வண்ணம் தீட்டியது போன்ற ஆண் ஒன்று, சாம்பல் நிறத்தில் பெண் இரண்டு.

"கப்பியாம். மூர் மார்க்கெட்ல வித்துக்கினு இருந்தான். நீ தனியா கிடக்கிறியே, பாத்துக்கினு இருக்கலாம்ல?" என்றார்.

பிஸ்கட் வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கினேன். கிணற்றுத் தண்ணீர் நிரப்பி ஜன்னலோரம் வைத்தேன். ஆனால் கோடை வெயில் ஜாடியைச் சுட வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து திரும்பியபோது ஆணும் ஒரு பெண்ணும் மிதந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்றை நிழலான மூலைக்கு மாற்றினேன்.

அதன் பிறகு வீட்டில் நானும் அதுவும்தான். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போடுவேன். ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். "துன்னுடி" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை வரை நான் பேசிய ஒரே வார்த்தையாகச் சில நாள் அதுதான் இருந்தது.

சில வாரங்களில் அதன் வயிறு உப்பியது. வாலுக்கு முன்னால் கறுப்பாக ஒரு புள்ளி. இதுவும் சாகப்போகிறது என்று நினைத்தேன். முன்பக்கத்துப் போர்ஷனில் ஒரு தெலுங்குக்காரம்மா குடியிருந்தாள். அதுவரை கிணற்றடியில் சிரிப்பதோடு சரி. அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"நோயி இல்ல டீச்சரம்மா. கடுபுதோ உந்தி! புள்ளத்தாச்சி!"

"ஆண் செத்துப்போச்சேம்மா. எப்படி?"

"அதுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு விடியற்காலை அது ஈன்றது. முட்டையில்லை, உயிருள்ள குஞ்சு. சுருண்டு விழுந்து, அடியில் ஒரு கணம் கிடந்து, நிமிர்ந்து நீந்தியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் திரும்பி அதை விழுங்கியது. அடுத்ததையும் விழுங்கியது. கரண்டியால் தடுக்கப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது ஒரு குஞ்சுகூட இல்லை. அன்று விளக்கேற்றக்கூட மனம் வரவில்லை.

அடுத்த மாதமும் வயிறு உப்பியது. ஆணே இல்லாமல். பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவரிடம் கூச்சத்தோடு கேட்டேன். ஒருமுறை சேர்ந்தால் போதும், ஆணின் வித்து பல மாதத்துக்குப் பெண்ணின் உடம்பிலேயே தங்கியிருக்கும் என்றார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. ஏரிக்குப் போய் வேலம்பாசி கொண்டுவந்து ஜாடியில் பாதிக்கு அடைத்தேன். தாய் நுழைய முடியாத இடுக்கில் குஞ்சு நுழைந்துவிடும் என்று கணக்கு. கிணற்றடித் தொட்டியிலிருந்து கொசுப்புழு வடிகட்டி வயிறு நிறையப் போட்டேன். பசி இருந்தால்தானே பிள்ளையைத் தின்னும். ஈன்று முடித்ததும் தாயைக் குவளையில் மொண்டு வேறிடத்தில் விட்டேன். பாசியை மெல்ல விலக்கினால், கண்ணும் வாலுமாக, ஊசி முனை போலக் குஞ்சுகள்.

முன்போர்ஷன்காரம்மாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். "மொகுடு, அந்த ஆம்பள மீனு, செத்து எத்தினி நாளாச்சு, இவ பெத்துக்கினே இருக்கா!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

குஞ்சுகள் வளர்ந்தன, அவையும் ஈன்றன. தெருவில் பல வீட்டுத் தொட்டிகளுக்கு என் கப்பிகள் போயின. ஆனால் கதவைத் தட்டுகிறவர்கள் மீன் வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடுவார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனது. என் கணவர் கேட்டுத் திருத்தணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ரயிலில் வரத் தொடங்கினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஜாடியில் ஒரு மீன் ஈனத் தொடங்கியது. "வாங்க, வாங்க!" என்று கத்தினேன். வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குஞ்சு விழும்போதும், "தோ, இன்னொண்ணு" என்று என் தோளைத் தொட்டார்.

"வண்டிக்கு நேரமாச்சே" என்றேன்.

"போவட்டும். காலைல போய்க்கலாம். இதைத் தனியாவா பாத்துக்கினு இருந்த, இத்தினி வருஷமும்?"

தாயை மொள்ளக் குவளையை எடுத்துக்கொண்டேன். அவர் பாசியை விலக்கிப் பிடித்தார்.