சனிக்கிழமைக் காசு

சம்பளம் வந்த அன்று எங்கள் வீட்டில் டிவி போடமாட்டோம். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் பாயை விரித்து, ஏ.டி.எம்.மிலிருந்து எடுத்துவந்த பணத்தை நடுவில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் உட்காருவோம். எல்லாவற்றையும் போனிலேயே கட்டிவிடலாமே என்று மகள் கேட்டால், "போன்ல குடுத்தா கை வலிக்காதும்மா. வலிச்சாத்தான் செலவு கொறையும்" என்பார் அவர்.

கல்யாணப் பத்திரிகை வரும் கவர்களை அவர் தூக்கிப் போடுவதே இல்லை. மூலையில் மஞ்சள் தடவிய அந்தக் கவர்களுக்குள்தான் எங்கள் மாதம் முழுவதும் அடங்கியிருந்தது. யாரோ ஒரு ஜோடியின் பெயருக்கு மேலே 'மளிகை' என்று எழுதியிருக்கும். இன்னொரு ஜோடி கரண்ட் பில்லைச் சுமந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கவரில் 'மிச்சம்' என்று எழுதியிருப்பார். அது மகளின் மேல்படிப்புக்கு. அதில் போடுவதற்காகவே வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், ஓடாத மிக்ஸியை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து தானே கழற்றி மாட்டி ஓட வைப்பார். அதில் மிச்சம் பிடித்த காசு அன்றைக்கே கவருக்குப் போய்விடும். கஞ்சர் என்று நான் கேலி செய்வேன். அவருக்கு அதில் பெருமைதான்.

மகள் பத்தாவது படிக்கும்போது அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கால் வீங்குகிறதே என்று காட்டப்போன இடத்தில் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒருமுறைக்கு நாலு மணி நேரம், தவறவே கூடாது என்றார் டாக்டர். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் அவர் பார்த்துவந்த வேலை இரண்டே மாதத்தில் போனது. மாடிப் போர்ஷன் வாடகையும், தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி நான் வாங்கும் சம்பளமும்தான் மீதி. அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தோம், இடம் காலியானால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் என்று குரோம்பேட்டையில் ஒரு தனியார் சென்டரில் சேர்த்தோம். அந்த 'அதுவரைக்கும்' முடியவே இல்லை. என் நகை முதல் வருஷத்திலேயே போனது.

புதிதாக ஒரு கவர் தேவைப்பட்டது. டயாலிசிஸ் என்று எழுதுவார் என்று பார்த்தால், அவர் 'நான்' என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. "வேற வார்த்தையே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றேன். "உள்ளதத்தானே எழுதினேன்" என்று சிரித்தார்.

அந்த வருஷங்களில் நான் கணக்குப் போட்ட மாதிரி என் கம்பெனியில்கூடப் போட்டதில்லை. பால் ஒரு பாக்கெட் குறைந்தது. கேபிளை நிறுத்தினோம். அவருக்குத் தக்காளி ஆகாது, இளநீர் ஆகாது, பருப்பு அளவோடுதான். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். "பாரு, நான் எவ்வளவு சிக்கனமான ஆளு, தண்ணியக் கூட அளந்து குடிக்கிறேன்" என்பார். எதைக் குறைத்தாலும் 'நான்' கவர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. 'மிச்சம்' கவரில் காற்றுதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அதையும் எடுத்துப் பாய்மேல் வைப்பார். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாயும் வியாழனும் விடியற்காலையில் நானே அவரை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சனிக்கிழமை எனக்கு ஆபீசில் வேலை அதிகம். அதனால் அன்றைக்கு மட்டும் அவரே சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய்வருவார். குரோம்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மத்தியானம் வந்துவிடுவார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்.

மகள் பதினொன்றாவது போன பிறகு, ஒரு கோடையில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் உப்பியது. வெயிலுக்குத் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டேன் என்றார். நம்பினேன். குடிக்காதீர்கள் என்று கத்தினேன், பாட்டிலை எடுத்து ஒளித்துக்கூட வைத்தேன். ஒரு திங்கட்கிழமை டயாலிசிஸ் சென்டரில் மெஷின் பார்க்கும் பையன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, சார் ரெண்டு மூணு சனிக்கிழமையா வரலியே, ஊருக்கு எங்கனா போயிட்டாரா? அந்த ஸ்லாட்ட வேற ஆளு கேக்குறாங்க" என்றான்.

பர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். கீரைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து 'மிச்சம்' கவரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே மூன்று சனிக்கிழமைக் காசும் இருந்தது.

எதிர்ப்பக்க ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கி, பிளாட்பாரத்துப் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். வரும் வழியில் பாத்ரூமில் நுழைந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் தானே ஒட்டிக்கொள்வாராம். "பிளாஸ்திரி ரோலு ஒண்ணு வாங்கினேன், அது போக மீதி அப்படியே இருக்கு" என்று அதற்கும் கணக்குச் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்துப்போக வழி பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கேட்கக்கூடாத வார்த்தைதான், வாயில் வந்துவிட்டது.

"அப்படி இல்லம்மா" என்றார். "நீ பால் கொறைச்ச, கேபிள் கொறைச்ச, அவ டியூஷன நிறுத்தின. எல்லாரும் கொறைச்சாச்சு. நான் மட்டுந்தான் கொறையாம இருக்கேன். அதான் என்னையும் கொஞ்சம் கொறைச்சுப் பாத்தேன்."

வீட்டு வரவு செலவு பார்க்கிற மனுஷன், பெரிய செலவு எதுவோ அங்கேதானே கை வைப்பான். அவர் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாளே அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனோம். மூன்று சனிக்கிழமையாக அவர் சேர்த்ததை ஒரே வாரத்தில் அவர் மேலேயே செலவழித்தேன். பணத்தைக் கட்டும்போது என் பக்கத்தில் நின்று, "அநியாயம்" என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அரைநாள் சம்பளம் போனால் போகிறது என்று நானே கூடப் போனேன். அவருக்கு மெஷின் ஓடும் நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆபீஸ் பில்களைச் சரிபார்ப்பேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டுவார். 'நான் ஓடிப்போய்விட மாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். இன்ஜினியரிங் கனவை விட்டுவிட்டு மகள் பக்கத்திலேயே ஒரு ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அட்மிஷன் அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை.

அதே ஐப்பசியில் போய்விட்டார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து, பாதி தோசை சாப்பிட்டார். முதுகு வலிக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன் என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நீயும் எவ்வளவுதான் பாப்ப. இனிமே உனக்குக் கொஞ்சம் மூச்சு விட எடம் கெடைக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அவரை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல இருந்தது. காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அந்த மாதச் சம்பளம் வந்தது. மகளும் நானும் உட்கார்ந்தோம். பாலுக்கு, கரண்டுக்கு, காலேஜ் பஸ்ஸுக்கு என்று எடுத்து வைத்தபிறகும் பாய்மேல் ஒரு கட்டு நோட்டு அப்படியே கிடந்தது. எங்கேயோ எதையோ விட்டுவிட்டோம் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். எதையும் விடவில்லை. மாதக் கடைசியில் கையில் நாலு காசு நிற்க வேண்டும் என்று எத்தனையோ சாமியிடம் வேண்டியிருக்கிறேன். இதோ நிற்கிறது. இப்படி நிற்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. மகள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. அது இரண்டு நாள் பீரோவுக்குள் கிடந்தது. அந்த இரண்டு நாளும் நான் பீரோவைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். அவள் மேலே படிப்பதற்கு ஒரு ஆர்.டி. போட வேண்டும் என்று சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் வயதானவர், பொறுமையாகப் பேசினார்.

"மாசம் எவ்வளவும்மா கட்டுவீங்க?"

"பதினெட்டாயிரம் சார்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பெரிய தொகைம்மா. அஞ்சு வருஷம் விடாம கட்டணும். ஆரம்பத்துல எல்லாரும் ஆசையா போட்டுடுவாங்க, அப்புறம் மாசா மாசம் கட்ட முடியாம திணறுவாங்க. யோசிச்சுக்குங்க."

"முடியும் சார். மூணு வருஷத்துக்கு மேல மாசம் தவறாம கட்டிட்டிருந்ததுதான்" என்றேன்.

"ஓ, சீட்டு எதுனா கட்டினீங்களா?" என்று கேட்டார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றேன். "வீட்டுக்காரருக்கு."