ஓடாது என்று சொன்னவர்

லேத் பட்டறைக்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் கடன்பட்டார்: தங்கை புருஷனிடம், எட்டாயிரம். அதையும் பதினெட்டே மாதத்தில் அடைத்துவிட்டார். பழைய லேத் ஒன்று விலைக்கு வந்தபோது, தையல்காரரான அந்த மாப்பிள்ளை, தனக்கு மோட்டார் மிஷின் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டியிருந்தார். இன்று பட்டறையில் மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஆறு ஆட்கள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஆள் சேர்த்தது இவ்வளவும். எஞ்சினியர் போட்டுக் கொடுத்த வரைபடத்திலேயே தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வேறு எவன் செய்வான்?

ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய பெயர் சினிமாவில்தான். ஒரு படம் வெளிவரும் முன்பே ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவார். போஸ்டரை ஒரு பார்வை, ட்ரெய்லரை ஒரு தடவை. பிறகு தலையை ஆட்டுவார், இல்லை உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான். தியேட்டர் கேன்டீன்காரர், பொரிக்கிற சோளம் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று இவரைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்கே போவார்.

மாப்பிள்ளை இதற்கு நேர்மாறு. அவருக்கு எல்லாப் படமும் ஓடும். அதிலும் 'நம்மாளு' படமென்றால் கேட்கவே வேண்டாம். இளவட்ட வயதிலிருந்து இருவருக்கும் ஒரே ஹீரோ. பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'நம்மாளு' என்பார்கள். நம்மாளுக்கும் வயதாகிவிட்டது. போன நான்கு படங்களும் வந்த சுவடு தெரியாமல் போயின. இப்போது ஒன்று வரப்போகிறது, அதுதான் கடைசி, அதோடு நடிப்பை விடப்போகிறார் என்று பேச்சு.

மாப்பிள்ளைக்கு அந்த வருஷம்தான் ஈரல் கெட்டது. குடித்தே அறியாத மனுஷன். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கு எதிரே இருந்த காலண்டரில் ரிலீஸ் தேதியைச் சுற்றி, துணியில் குறி போடும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார். தேதி தள்ளிப்போனது. துடைத்துவிட்டு வேறு வட்டம். இப்படி ஐந்து வட்டம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்காரர் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்துகொண்டு போனில் ட்ரெய்லர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். இந்தத் தேதி கெட்டி. டப்பிங் முடிஞ்சிருச்சாம்."

"போன தடவையும் அப்படித்தான சொன்னீங்க மாப்ள?"

"அது வேற டப்பிங்."

மருந்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த தங்கை சிரித்துவிட்டாள். "எங்க கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு நாள் காத்திருக்கல, ஒரு படத்துக்குக் காத்திருக்காரு. நீங்களாச்சும் சொல்லக்கூடாதாண்ணே?"

"நீ சும்மா இரு. மச்சான், விஷயத்துக்கு வாங்க. ஓடுமா?"

அவர் 'ஓடும்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே, காசா பணமா? ஆனால் முப்பது வருஷப் பேர் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. வீணாய்ப்போன அந்தப் பெருமை.

"மாப்ள, லேத்துல கடைய மாட்டின ஜாப்பை வேலை முடியுற வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டி மாட்டினா சென்டர் தப்பும், ஆட்டம் வந்துரும். இதை நாலு தடவை கழட்டி மாட்டியிருக்கானுங்க. ஓடாது. மூணாவது வெள்ளிக்கிழமை அந்த போஸ்டர் மேல வேற போஸ்டர் ஒட்டிருவான்."

மாப்பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப பந்தயம். ஆயிரம். மூணாவது வெள்ளி தாண்டிருச்சுன்னா நீங்க தரணும்."

"தாண்டலேன்னா?"

"நான் தர்றேன். எங்க போயிடப் போறேன்?"

அடுத்த மாதம் தேதி ஐந்தாவது தடவை மாறியது. மாப்பிள்ளை காலண்டரில் எதையும் போடவில்லை. படம் வெளிவருவதற்குப் பதினொரு நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படம் வந்த வெள்ளிக்கிழமை பட்டறைக்காரர் மூன்று லேத்தையும் நிறுத்தி, ஆறு ஆட்களையும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். படம் தொடங்கி இருபது நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டம். நம்மாளு ஓடுகிற காட்சியில் ஓடியது வேறு யாரோ. அவருடைய ஆட்களில் இரண்டு பேர் தூங்கினார்கள். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சொன்னது பொய்யாகிவிடாதா என்று அந்த இருட்டில் உட்கார்ந்து ஏங்கினார். பந்தயத்தில் அவர் தோற்றுவிட்டால், செத்துப்போனவருக்கு ஒன்றாவது ஜெயித்ததாக இருக்கும். வேறு எதைக் கொடுக்க முடியும் இனிமேல்?

மறுநாளிலிருந்து டிக்கெட் வாங்க ஆரம்பித்தார். ஆட்களின் குடும்பங்களுக்கு, இரும்புக் கடைக்காரருக்கு, முடிவெட்டுகிறவருக்கு. ஷோவுக்கு முப்பது, நாற்பது. கேன்டீன்காரர் வழிமறித்தார்.

"என்னண்ணே இது, ஓடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதைக் கேட்டு நான் ஒரு மூட்டை சோளம்தான் போட்டேன்."

"தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. இன்னொரு மூட்டை வாங்கு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேன்டீன்காரர் கேட்டதே இல்லை. நிஜமாகவே வாங்கிப் போட்டார், பாவம்.

மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் தியேட்டர் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீங்க வாங்குற சீட்டுல பாதிக்கு மேல ஆளே வர்றதில்ல. ஓசியில குடுத்தும் வரமாட்டேங்குறாங்க. நாளையிலேர்ந்து வேற படம்."

"காலை ஷோ ஒண்ணு மட்டும் வைங்க. தியேட்டர் முழுசுக்கும் நான் தர்றேன்."

"பணம் விஷயமில்லீங்க. புதுப் படத்துக்கு எல்லா ஷோவையும் எழுதிக் குடுத்தாச்சு."

வெள்ளிக்கிழமை காலை, நம்மாளின் முகத்தின் மேல் வேறு ஒருவனின் முகம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. பட்டறைக்காரர் ஆயிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

தங்கை, யாரும் வந்து வாங்காத தைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"படம் ஓடுதும்மா. மாப்ள ஜெயிச்சுட்டாரு."

அவள் நிமிரவில்லை. "காய் வாங்கப் போனேன்ணே. போஸ்டரைப் பார்த்தேன்."

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். உள்ளே ஆயிரம் ரூபாய், நூறு நூறாக.

"போறதுக்கு நாலு நாள் முன்னாடி குடுத்தாரு. உங்கண்ணன் வருவாரு, குடுத்துருன்னாரு."

"அப்ப… மாப்ள அந்தப் படத்தை நம்பலயா?"

"உங்களத்தான் நம்பினாரு."

"எனக்கு வேணாம்மா. வச்சுக்கோ."

"கைய நீட்டுங்கண்ணே. போன மனுஷனைக் கடன்காரன் ஆக்காதீங்க."

அவர் நீட்டினார். இரும்புத்தூள் ஏறிக் கறுத்துப்போன கை, யாரிடமும் நீண்டு பழக்கமில்லாத கை. அவள் இடது கையால் அதை அடியில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நூறாக வைத்தாள், வாய்விட்டு எண்ணி. பத்தாவதை வைத்ததும், சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.