ஜீவானந்தம் வளர்த்த முடி

நதியா கூடத்தில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஜீவானந்தம் வாணியம்பாடியில் தோல் ஜாக்கெட் தைக்கிறவன். எண்பதுகளின் அமெரிக்க ராக் குழுக்களைப் போலவே கண்மை பூசி, முடியை விரித்துப் பாடும் இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் அந்த ஜாக்கெட்டெல்லாம் போகும். போனில் அவர்களைப் பார்த்துப் பார்த்து இவனும் தோளுக்குக் கீழே முடி வளர்த்தான். ஊர் சிரித்தபோது, அது படவேட்டு அம்மனுக்கு அவன் வேண்டிக்கொண்டது என்று மாமனாரிடம் சொல்லிச் சமாளித்தவள் நதியாதான்.

இன்றைக்கு மொட்டை போட மாமனார் கோபால்சாமி வேன் பேசிவிட்டார். ஜீவானந்தம் வரமாட்டேன் என்றான்.

“இன்னாடா, ஆத்தாளுக்கு நேந்த முடி, வெள்ளக்காரன் கணக்கா ஆட்றதுக்கா?”

கோபால்சாமி அந்த முடியைக் கையில் சுற்றிப் பிடித்து மகன் தலையைச் சுவரில் மோதினார். புருவம் கிழிந்தது. மகன் அவர் வயிற்றில் உதைத்தான். விழுந்தவர் சுவரோரம் கிடந்த அரிவாளோடு எழுந்து முடியை அறுத்தார். காதோரத் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

“நதியா, நீயே சொல்லு! நானா வேண்டிக்கினேன்?”

மாமனார் அவள் பக்கம் திரும்பினார். அரிவாள் அவர் கையிலேயே இருந்தது. நதியா புளிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.