சைகோனில் ஒரு ‘ஓம்’: மோட்டார் சைக்கிளில் அரைநாள்

சைகோன் தெருவில் நான் வாய் திறந்து சொன்ன முதல் தமிழ்ச் சொல்லுக்கு எனக்கு ஒரு ஹெல்மெட் கிடைத்தது.

காலை ஏழு மணி இருக்கும். ஹோட்டல் வாசலில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “சே ஓம்?” என்று கேட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘சே’ என்றால் ஆங்கிலத்தில் சொல்லு; ‘ஓம்’ எங்கள் ஓம், ‘ஆமாம்’ என்கிற ஓம். ஆரோ யாழ்ப்பாணத்து ஆக்கள் இவருக்கு முதலே பழக்கம் போல, என்னையும் ஓம் சொல்லச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். சந்தோசத்தில் ஒருக்கால் அல்ல, மூன்று தரம் “ஓம்” என்றேன். அடுத்த நிமிடம் என் தலையில் ஹெல்மெட். நாடிக்குக் கீழே பட்டியும் பூட்டியாகிவிட்டது. அதைக் கழற்ற எனக்குத் தெரியவில்லை.

மகள் இறங்கி வந்துதான் கழற்றினாள். ஹோட்டல் பெண்பிள்ளையும் பெட்டிகளோடு நின்ற ஒரு வெள்ளைக்காரச் சோடியும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னப்பிள்ளைக்குச் செய்வது போல என் நாடியை நிமிர்த்திப் பிடித்துக் கழற்றினாள்.

“அப்பா, சே ஓம் எண்டால் இஞ்ச மோட்டார் சைக்கிள் ராக்ஸி. ‘ராக்ஸி வேணுமோ’ எண்டு கேட்டிருக்கிறார். நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள்.”

ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. பிறகு நான் அங்கு நின்ற ஒரு கிழமையும் என்னைக் கண்டால் “ஓம், ஓம்” என்று கையசைத்தார். அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

இனி ஏன் போனேன் என்று சொல்லவேணும். நான் டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருக்கிறவன். ஓ.எல். வரைக்கும் படித்தேன், கணக்குப் பாடம் மட்டும் என்னோடு ஒத்துவரவில்லை. இப்போது ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மகள் மதுரா ஓகூஸ் நகரத்தில் கட்டடக் கலை படிக்கிறாள். படிப்பின் ஒரு பகுதியாக நாலு மாதப் பயிற்சிக்கு, இங்கே ‘பிராக்டிக்’ என்பார்களே, அதற்காகச் சைகோனுக்குப் போனவள். அரசாங்கம் வைத்த பெயர் ஹோ சி மின் நகரம். அங்குள்ளவர்கள் கதைக்கும்போது சைகோன்தான்.

நவம்பர் கடைசியில் பயிற்சி முடிகிறது. நான் ஒரு கிழமை லீவெடுத்து, ஊரையும் பார்த்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதென்று திட்டம். திரும்பி வர இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் வெளிக்கிட இரண்டு நாள் இருக்க அவள் போன் எடுத்தாள். படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருசம் அங்கேயே வேலை செய்யச் சொல்லி அந்த அலுவலகத்தில் கேட்கிறார்களாம். கடைசிப் பரீட்சை வேலையையும் அங்கிருந்தே செய்யலாமாம். என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அன்று அவசரத்தில் நின்றவள், “அப்பாவைக் கேள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு ‘இப்போதைக்கு விடு’ என்று அர்த்தம். மதுரா விடவில்லை.

நான் வந்து இறங்கியவுடன் சொன்னாள்: “இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். நாளைக்கு அரைநாள் ஒரு ரூர் போட்டிருக்கிறன். ஊரைப் பாருங்கோ. முடிய நான் கேப்பன்.”

“ஓம்” என்றேன். கேட்டால் என்ன சொல்வதென்று விமானத்திலேயே பாடமாக்கி வைத்திருந்தேன். ‘அம்மா தனிய’ என்று தொடங்கும்.

ரூர் என்றால் பஸ்ஸில் ஊர் சுற்றுவது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை, அந்த ‘சே ஓம்’ கூத்து முடிந்து, எட்டு மணிக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றன. ஒன்றில் லான் என்ற இளம்பெண். மதுரா அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். மற்றதில் துவான், முப்பது வயதிருக்கும். அவர்தான் வழிகாட்டி, என் ஓட்டுநரும் அவர்தான். ஏறும்போதே என்னைக் கோழி கலைப்பது போல “ச்சூ, ச்சூ” என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது.

“சித்தப்பா எண்டு கூப்பிடுறார், அப்பா,” என்றாள் மதுரா. “மரியாதை அது.”

சித்தப்பா பின்னால் ஏறினார். நான் வாழ்நாளில் வண்டி ஓட்டியிருக்கிறேனே தவிர ஒருவருக்குப் பின்னால் குந்தியிருந்தது குறைவு. இருக்கைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துவான் தலையைத் திருப்பி, “சூ, ஓம்!” என்றார். “ஓம்” என்றேன். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும், “ஓம், ஓம்.” நானும் “ஓம், ஓம்.” நல்ல மனிதர், எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று நினைத்தேன்.

நேர வித்தியாசம் ஆறு மணித்தியாலம். அங்கே காலை எட்டு என்றால் என் உடம்பு ஹேர்னிங்கில் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் கிடந்தது. அதனாலோ என்னவோ, அந்தத் தெருக்கள் எனக்கு விழித்துக்கொண்டு கண்ட கனவு போலத்தான் இருந்தன. ஹேர்னிங் பக்கத்தில் என்றால் ஒரு காருக்குள் ஒரு ஆள், கண்ணாடி பூட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் வெறும் வயல். இங்கே முழங்காலோடு முழங்கால் உரச ஆயிரம் வண்டி. ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் இடிக்கவில்லை. சந்தியில் நாலு பக்கத்தாலும் வந்து, தண்ணீருக்குள் தண்ணீர் போவது போலக் கலந்து, பிரிந்து போனார்கள். ஒரு மனிதர் பின்னால் கண்ணாடித் தொட்டியில் மீன் கட்டிக்கொண்டு போனார். சிவப்பு விளக்கில் அந்த மீன்கள் என்னைப் பார்த்தன. நானும் பார்த்தேன். பச்சை விழுந்தது.

முதல் இடம் பூச்சந்தை. ஹோட்டலிலிருந்து பதினைந்து நிமிட ஓட்டம். ஒடுங்கிய ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தாமரை மொட்டும் செவ்வந்தியும், கீழே ஈர நிலம். இறங்கினதும் துவான் மதுராவிடம் ஏதோ முறைப்பாடு சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.

“அப்பா, ஓம் எண்டால் வியட்நாம் பாசையில கட்டிப்பிடிக்கிறது. சே ஓம் எண்டால், ஓட்டுறவரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போற வண்டி. அவர் வழி முழுக்க ‘பிடியுங்கோ, பிடியுங்கோ’ எண்டு சொல்லியிருக்கிறார். நீங்கள் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் பிடிக்காமலே வந்திருக்கிறியள்.”

“எனக்கென்ன தெரியும்.”

“வீட்டிலையும் நீங்கள் அப்பிடித்தான். ஓம் எண்டுவியள், செய்யமாட்டியள். பாத்ரூம் லைட் எத்தினை மாசம்?” சிரித்துக்கொண்டே சொன்னவள், கொஞ்சம் நிறுத்தி, “ரூர் முடிய நான் கேக்கேக்க எனக்கு அந்த ஓம் வேண்டாம்,” என்றாள். பிறகு பூக்காரியிடம் திரும்பி வியட்நாம் பாசையில் விலை கதைக்கத் தொடங்கினாள். பூக்காரி அவளை உரிமையோடு ஏதோ ஏசினாள், இவளும் விட்டுக்கொடுக்கவில்லை. டெனிஷில் ஒருநாளும் பேரம் பேசாத பிள்ளை.

கட்டிப்பிடிப்பது என்பது நமக்குச் சரிவராத பாடம். மதுரா உயர்தரப் படிப்பு முடித்து, இங்கத்தைய வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்ட அன்று, டெனிஷ் தகப்பன்மார் எல்லோரும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை நீட்டினேன். அவளும் பிடித்துக் குலுக்கினாள். படத்தில் பார்த்தால் நான் அவளை வேலைக்கு எடுத்தது மாதிரி இருக்கும்.

அடுத்தது சோலோன், பழைய சீனர் பகுதி. அங்குள்ள கடலம்மன் கோயிலில் கூரையிலிருந்து பெரிய சுருள் சாம்பிராணிகள் தொங்குகின்றன, கூம்பு வடிவில், ஒவ்வொன்றும் ஒரு லாம்புக்கூடு அளவில். அவை எரிந்து முடிய நாட்கணக்காகுமாம். வேண்டுதலைச் சிவப்புக் கடதாசியில் எழுதி அதில் கட்டிவிடுகிறார்கள். முற்றத்துக்குள் விழுந்த வெயில் புகைக்குள் கம்பு கம்பாக நின்றது. எவ்வளவு நேரம் நின்று பார்த்தேனோ தெரியாது. துவான் வந்து தோளில் தட்டினார்.

திரும்பும் வழியில் மழை. அந்த மாதத்தில் இனி வராது என்று எல்லோரும் சொன்ன மழை. துவான் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மழைக்கோட் எடுத்தார். அதற்கு இரண்டு தலை ஓட்டை. முன் ஓட்டையில் அவர் தலை, பின் ஓட்டையில் என் தலை. ஒரே உடுப்புக்குள் இரண்டு ஆம்பிளைகள். இப்போது கம்பியைப் பிடிக்க வழியில்லை. கை போக இருந்த ஒரே இடம் துவானின் இடுப்பு. பிடித்தேன். அவர் முதுகு சூடாக இருந்தது.

“ஓம்,” என்றார் துவான், திருப்தியாக.

“ஓம்,” என்றேன்.

மழைக்குள் பக்கத்தில் மதுராவின் வண்டி வந்தது. லானின் தோளில் நாடியை வைத்து, அவள் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். என்னைக் கவனிக்கவில்லை. நாலு மாதத்தில் ஒரு ஊரை இப்படிப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று நினைத்தேன். நான் ஹேர்னிங்குக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். இன்னும் பின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் போல.

கடைசி இடம் மாரியம்மன் கோயில். பெரிய சந்தைக்குக் கிட்ட, அந்தக் காலத்தில் தமிழர் கட்டினது. உள்ளே போனால் கும்பிடுகிறவர்கள் அநேகமாக வியட்நாம் ஆக்கள்தான். அம்மனுக்குப் பின்பக்கத்துக் கல் சுவரில் உள்ளங்கைகளையும் நெற்றியையும் வைத்து, கண்ணை மூடி, சுவரோடு கதைக்கிறார்கள். நானும் போய் வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. ‘பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவேணும்’ என்று கேட்கத்தான் போனேன். நெற்றி பட்டதும் அந்த வசனம் வரவில்லை. மழைக்கோட்டுக்குள் இருந்து பார்த்த அவள் சிரிப்புத்தான் வந்தது. ஒன்றும் கேட்காமல் கையை அகட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் துவானின் குரல் கேட்டது. மதுரா மொழிபெயர்த்தாள்: “என்னைப் பிடிக்க மழை பெய்யவேண்டி இருந்தது, சுவரை மட்டும் உடன கட்டிப்பிடிக்கிறார் எண்டு சொல்லுறார்.”

பன்னிரண்டே கால் மட்டில் ஹோட்டல் வாசலில் இறங்கினோம். ஹெல்மெட் பட்டி மறுபடி என் விரலுக்கு அகப்படவில்லை. மதுரா வந்து நாடியை நிமிர்த்தினாள். அவள் தலைமயிரில் மழையும் சாம்பிராணியும் மணத்தன. பட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, ரெண்டு வருசம் நான் இஞ்ச நிக்கட்டே?”

‘அம்மா தனிய’ என்பது வாய் வரைக்கும் வந்தது. நாடி அவள் கையில் இருந்ததால் வாய் திறக்கவில்லை. கழன்ற பிறகு, “ஓம்” என்றேன்.

“எந்த ஓம்?”

போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். “உன்ர பிளேன் சீற்றை நீயே கான்சல் பண்ணு. எனக்கு அந்த ஆப் விளங்காது.”

அவள் போனை வாங்கினாள். ஆப்பைத் திறக்க முதல் டெனிஷில், “தக், ஃபார்” என்றாள். நன்றி, அப்பா என்று. தமிழில் நாங்கள் வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை. அதற்கு மட்டும் அவளுக்கு டெனிஷ்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். நான் போன நேரம் டெனிஷ் பாஸ்போர்ட்டுக்கு நாற்பத்தைந்து நாள் வரை விசா தேவைப்படவில்லை. நீங்கள் வெளிக்கிட முதல் ஒருக்கால் பாருங்கள், கூட வரும் பெற்றோருக்கு இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் கட்டாயம் பாருங்கள். அரைநாள் ரூர் ஆளுக்கு 310 குரோனர், கோப்பியும் அதற்குள். அந்தக் கோப்பியை விடவேண்டாம். அடியில் ரின்பால், அந்த இனிப்புக் கட்டிப்பால், மேலே ஐஸ், ஒரு கப்பில் களைப்பெல்லாம் பறந்துவிடும். மொத்தம் இருபத்தைந்து கிலோமீற்றர் மட்டில் ஓட்டம். காலை நேரத்தை எடுங்கள், மத்தியான வெயில் எங்கள் உடம்புக்கு இப்போது ஒத்துவராது. கோயிலுக்குப் போவதால் முழங்கால் மறைகிற உடுப்பு. தெரு கடக்கும்போது ஓடவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். ஒரே வேகத்தில் நடந்தால் அவர்களே விலகிப் போவார்கள். யாழ்ப்பாணத்து ஆக்கள், மோட்டார் சைக்கிள்காரர் முன்னால் வாயைக் கவனமாக வைத்திருங்கள். ஏறினால் வெட்கப்படாமல் பிடியுங்கள்.

கிழமை முடிந்து விமான நிலையத்துக்கு மதுராதான் கொண்டுவந்து விட்டாள். பக்கத்து இருக்கை யாருக்குக் கிடைத்ததோ. பெட்டி போட்டாயிற்று, பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை நீளமாக இருந்தது.

“வடிவாச் சாப்பிடுங்கோ.”

“ஓம்.”

“பில்லுண்ட் எயார்போட்டில இருந்து கார் ஓட்டேக்க நித்திரை வந்தால் நிப்பாட்டுங்கோ.”

“ஓம்.”

“அம்மாட்ட நான் வாங்கித் தந்த கோப்பித்தூளைக் குடுங்கோ. பாத்ரூம் லைட்.”

“ஓம், ஓம்.”

கைப்பை ஒரு கையில், பாஸ்போர்ட் மற்றக் கையில். வரிசை அசைந்தது.

“ஓம்,” என்றேன்.

“நான் இப்ப ஒண்டும் கேக்கேல்லயே, அப்பா.”

சிரித்துவிட்டு முன்னால் நகர்ந்தேன். கடைசியாகச் சொன்னது தமிழ் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.