அண்ணாச்சி செய்த பலாக்கட்டை வைஸ்

அண்ணாச்சி நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்க்குத் தம்பியின் வணக்கம். அண்ணாச்சியைப் புகழ்ந்து எழுதும்படி மதினி கேட்டுக்கொண்டார்கள். புகழ்கிறேன். வயிற்றெரிச்சலோடுதான் புகழ்கிறேன், அது உங்களில் யாருக்கும் தெரியாததன்று.

அண்ணாச்சி இலஞ்சியில் பிறந்தார்கள். தென்காசியில் படித்துக்கொண்டிருந்தபோது, பன்றி புகுந்து விளைந்த நெல்லெல்லாம் போன ஒரு வருஷம், படிப்பை விட்டு வயலுக்கு வந்தார்கள். அதனால் படிப்பு எனக்குக் கிடைத்தது. ஊராரின் பாராட்டு அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

பன்றி விரட்ட எங்கள் அப்பாவிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடும்போது அதை ஆடாமல் பிடித்துக்கொள்ள, திருகினால் இறுகிக் கவ்வும் ஒரு வைஸ் வேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கியபோது எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "எவன் இதை நல்லா வச்சுக்கிடுதானோ, அவன் பேருக்கு லைசென்ஸை மாத்திருதேன்" என்றார்கள். அந்தத் துப்பாக்கி எனக்கு வேண்டும் என்று அன்றே மனத்தில் முடிந்துவைத்தேன்.

திருநெல்வேலிக்குப் போய்ப் பச்சை வண்ணம் பூசிய இரும்பு வைஸ் வாங்கிவந்தேன். அண்ணாச்சி கடைப்பக்கமே போகவில்லை. இரண்டு பலாக்கட்டை, முறிந்த வில்வண்டியின் மரையாணி, அவ்வளவுதான். கட்டைகளின் உள்முகத்தில், மாடு பூட்டி நீர் இறைக்கும் எங்கள் கிணற்றுக் கமலையில் தேய்ந்து கழிந்த தோலை ஒட்டினார்கள். பக்கத்து வீட்டார் பழைய செருப்புத்தோல் கொடுத்தபோது, "ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கதைச் செருப்பை வச்சா பிடிக்கது?" என்று மறுத்துவிட்டார்கள்.

அப்பா முன்னிலையில் முதலில் என் வைஸில் வைத்தோம். ஆடிவிடக் கூடாதே என்று நன்றாக இறுக்கினேன். எடுத்துப் பார்த்தால் குழலில் வைஸின் பல் பதிந்த தடம். அப்பா விரலால் தடவிவிட்டு, "ஏலே, நாய் கடிச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார்கள். பலாக்கட்டையில் வைத்து எடுத்தபோது ஒரு கீறலும் இல்லை. லைசென்ஸ் அண்ணாச்சி பேருக்குப் போயிற்று. அந்தக் கமலையில் மாடு ஓட்டியவன் நானுந்தான். அந்தத் தோல் என் கண்ணில் ஏன் படவில்லை?

அதன்பின் ஆயுத பூசை நெருங்கினால், வீரகேரளம்புதூரிலிருந்துகூடத் துப்பாக்கிக்காரர்கள் அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து காத்திருப்பார்கள். என் வீட்டு வைஸில் என் மனைவி கொட்டைப்பாக்கு உடைத்தாள்.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தால் நேரே அந்த வைஸிடம் போவார்கள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, "நல்ல சாமான்லே" என்பார்கள். குத்திக்காட்டத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர்கள் எழுந்திருக்கவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி என்னைக் கூப்பிட்டார்கள்.

"கொழுந்தனாரே, துப்பாக்கி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாவ. உங்க இரும்பு வைஸைக் கொஞ்ச நாளாவது இங்கன வச்சிருக்கணும்னு அவியளுக்கு ஆசை. உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தாலே, 'தம்பிகிட்ட இரும்பு, எங்கிட்ட வெறுங்கட்டை'ன்னு உம்முன்னு இருப்பாவ. கேக்க வெக்கம்."

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கண்விழித்துப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், துப்பாக்கியோடு வந்து பழகிய வாசலுக்கு வெறுங்கையோடு வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

என் வைஸ் இப்போது அண்ணாச்சி வீட்டில், பலாக்கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணாச்சிமேல் நான் பட்ட பொறாமை ஊருக்கே தெரியும். என்மேல் அண்ணாச்சி பட்ட பொறாமை எனக்கே தெரியவில்லை. இதிலும் அவர்களே என்னை ஜெயித்துவிட்டார்கள்.