கதவடியில் ஒரு கதிரை

செய்தியைச் சொன்னவர் மேர்சி அக்காவின் பக்கத்து வீட்டு நசீமா. "சேர், அக்கா கதவத் திறக்கிறா இல்ல. என்ட மகன் மதிலால ஏறிக் குதிச்சுப் பாத்தான். கட்டில்லயே மௌத்தாகிக் கிடக்கிறா. ஆருக்குச் சொல்லுறண்டு தெரியல்ல. உங்கட நம்பர்தான் சுவரில எழுதிக் கிடந்திச்சு" என்றார். கல்முனையில் பாதிப் பேருக்கு மேர்சி அக்காவைத் தெரியும். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் இறந்தால் அறிவிக்க என் ஒருவனின் இலக்கம்தான் சுவரில் இருந்தது என்று அறிந்தபோது, எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அவரோடு ஒரே ஆலயத்தில் இத்தனை காலம் பாட்டுப் பாடிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நமது சபைக்குச் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்ட கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று எல்லோருக்கும் திடீரென்று தரையில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. மேர்சி அக்கா மட்டும் கையை உயர்த்தினார். பெயருக்கு ஒரு பதவி, ஓய்வுபெற்ற மனுஷிக்குப் பொழுதுபோகும் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறே ஒரு கதிரையைத் தூக்கிவந்து, கடற்காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொள்ளும் ஞாயிறு பாடசாலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாற்போல் போட்டு, அதில் உட்கார்ந்தார். "பெரிய ஆள் ஒருத்தரும் ஒரு பிள்ளையோட தனிய, சாத்தின கதவுக்குள்ள இருக்கப்படாது. அவ்வளவுதான்" என்றார். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை அவர் எழும்பவில்லை.

பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நானும் முன்வந்தேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன், போதகரின் கடிதமும் கையில் இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்ற நினைப்பு எனக்கு. அவர் பொலிஸ் நற்சான்று கேட்டார். அது போதாதென்று, நான் முன்பு வேலை பார்த்த சவளக்கடைக்கு பஸ் ஏறிப் போய் வீடு வீடாக விசாரித்திருக்கிறார். அங்கிருந்து பழைய அயலவர் ஒருவர் எனக்கு அழைப்பெடுத்தார். "என்ன சேர், ரெண்டாங் கலியாணமா? ஒரு அம்மா வந்து உங்களப் பத்தி விசாரிச்சித்துப் போறா." என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை பிடிப்பதற்கென்றே அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீரை வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி, கலியாணத்துக்கு மாப்பிள்ளைய நாலு ஊரில விசாரிக்கிறம். அவன் ஆர்ர மகன், குடிக்கிறவனா, கை நீட்டுறவனா எண்டெல்லாம் கேக்கிறம். கலியாணம் முடிக்கிறவள் வளந்த பிள்ள, அவளுக்கு வாய் இருக்கு. வாய் இல்லாத சின்னதுகள ஒருத்தன்ட கையில குடுக்கக்குள்ள ஒரு வீட்டிலயாவது கேக்க வேணாமா?" தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்தச் சிறுமியின் விடயம் வந்தது. விவரம் எழுத மாட்டேன், எழுதக்கூடாது. வகுப்பு முடிந்த பிறகும் தன்னை மட்டும் நிறுத்திவைக்கும் ஒருவரைப் பற்றி, கதவடியில் இருந்த அக்காவிடம் அந்தப் பிள்ளை ஒரு நாள் சொன்னது. அது நமது சபையில் நடந்ததல்ல, வெளியே ஒரு தனியார் வகுப்பில். ஆனாலும் அந்த மனிதர் நமக்கு வேண்டப்பட்ட குடும்பம். நம்மவர் சிலர் அக்காவிடம் போய், பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள், நாங்களே கூப்பிட்டுப் பேசி முடிப்போம் என்றார்கள். "முடிக்கிறது எங்கட வேலையில்ல. சொல்லுறதுதான் எங்கட வேலை" என்று சொல்லிவிட்டு, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் போனார். அந்தப் பிள்ளையைத் துருவித் துருவி ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. அலுவலக வாசலில் அவளுக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருந்தாராம். அதற்குப் பிறகுதான் ஆலயத்தில் அக்காவின் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் மற்றவர்கள் உட்காருவது குறைந்தது.

அந்த வாங்கு முழுவதும் வெறுமையானது அக்காவின் தம்பியாரின் விடயத்தோடுதான். அருள்ராஜ் அண்ணன் கட்டாரில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து பாண்டிருப்பில் மனைவியின் வீட்டில் இருந்தார். தாய் இல்லாத அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் மேர்சி அக்கா. அண்ணன் நல்ல பாட்டுக்காரர். பிள்ளைகளுக்கு நத்தார் கரோல் பழக்குகிறேன் என்றார், சபையே மகிழ்ந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். "நான் அவன்ட அக்கா. நான் விசாரிச்சா அது விசாரணையில்ல. நீங்க போங்க, தம்பி." சொந்தத் தம்பிக்குமா என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம் குடுத்தவனும் ஆரோ ஒருத்திர தம்பிதான்" என்றார்.

போனேன். அருள்ராஜ் அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "அக்காவா அனுப்பினவ?" என்றார். ஓம் என்றேன். "எனக்கு அக்கா இல்லையெண்டு போய்ச் சொல்லுங்க." அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அக்காவுக்கும் இருந்திருக்காது. அதனால்தான் அது அக்காவுக்கு அவ்வளவு வலித்தது. நான் வந்து சொன்னதைக் கேட்டு, "சரி" என்றார். அடுத்த ஞாயிறும் கதிரையைக் கதவடியில் போட்டார்.

அதன்பிறகு தம்பி அக்காவின் வாசற் படலைக்கு வரவில்லை. பாண்டிருப்பு என்ன கண்காணாத தேசமா? முச்சக்கரவண்டியில் ஏறினால் மூச்சு விடுவதற்குள் வந்துவிடலாம். நத்தாருக்கு அக்கா பலகாரம் சுட்டு அனுப்புவார், பெட்டி திறக்காமல் திரும்பி வரும். அதை நசீமாவின் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். நம் சபையிலோ, தம்பிக்கே இரங்காதவள் என்று பேர் சூட்டினார்கள். பிள்ளைகளை அவர் காவலில் விட்டுவிட்டு நிம்மதியாக ஆராதனையில் கண்மூடி இருந்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஒருமுறை கேட்டேன், தனிமையாக இல்லையா அக்கா என்று. "இருக்கு. அதுக்காகப் பிள்ளைகளக் குடுக்க ஏலாது" என்றார்.

அடக்கத்துக்கு அருள்ராஜ் அண்ணன் வந்தார். ஓரமாக நின்றார், மண் போட்டார், போனார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நேரத்தில் மண்டபத்துக்கு வந்தார். அக்காவின் பொறுப்பை இப்போது நான் பார்க்கிறேன். "அக்காட பேரால இந்த முறை கரோல நான் பழக்குறன்" என்றார். கண்கள் சிவந்திருந்தன. அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. அந்த ஒரு சொல்லில் அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் இருந்த எல்லாம் தீர்ந்துவிடும் போல இருந்தது.

"அண்ணன், பொலிஸ் நற்சான்று வேணும். நாங்க விசாரிக்கவும் வேணும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அக்காவின் கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆரிட்டப் போய் விசாரிப்பீங்க?" என்று கேட்டார். "என்ன முழுசாத் தெரிஞ்சவ அவ ஒருத்திதானே." பிறகு இறங்கிப் போனார். திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியாது. வர வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன்.

அன்று நானே அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து வந்தவர்கள் என்னைக் கண்டும் காணாததுபோல் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்து போனார்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கதிரையை மட்டும்தான். இதில் இருந்தால் உள்ளே பிள்ளைகள் பாடுவது ஒரு சொல் விடாமல் கேட்கிறது. வெளியே யாரும் வந்து ஒரு வார்த்தை கதைப்பதில்லை. மேர்சி அக்கா, இவ்வளவு காலமும் இப்படித்தானா இருந்தீர்கள்?